கட்டத்தில் உட்கார்ந்த ஏழரை

கைப்பேசிச் செயலி எதிலாவது நேரம் பதியும் கட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் எதையும் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அங்கே ஒரு நேரம் உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் அது இந்த நிமிடத்து நேரம். சிலவற்றில் நள்ளிரவு 12.00. இன்னும் சிலவற்றில் காலை 9.00. அதை அங்கே உட்கார வைத்தவர் யார், எதை நினைத்து வைத்தார் என்று நாம் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் இதை டிஃபால்ட் என்கிறார்கள். தமிழ்க் கணிமை அன்பர்கள் ‘இயல்பிருப்பு’ என்றும் ‘முன்னிருப்பு’ என்றும் இரண்டு சொற்களைப் புழங்குகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அதில் இயல்பு ஒன்றும் இல்லை. நமக்கு முன்னே வந்து யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பேருந்தில் துண்டு போட்டு வைப்பது போல!

நம் தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டு மலருக்குக் கவிதையும் ஆய்வும் எழுத உங்களில் பலர் இருக்கிறீர்கள். மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கும் முன்னாள் மாணவன் என்ற முறையில், ஒரு சின்னக் கட்டத்தில் நின்ற ஒரு நேரத்தைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. சின்ன விஷயம்தான். ஆனால் எங்கள் டெங்கிலில் மூன்று பெண்களின் ஒருநாள் சம்பளம் அதனால் போயிற்று.

டெங்கிலை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லங்காட் ஆற்றை ஒட்டிய சிறு பட்டணம். ஒரு பக்கம் புத்ராஜெயா, சைபர்ஜெயா. இன்னொரு பக்கம் சிப்பாங்கும் விமான நிலையமும். 1990களின் நடுவில் புத்ராஜெயாவைக் கட்டத் தொடங்கியபோது, அந்த இடத்தில் இருந்த பெராங் பெசார், கேலவே, மேடிங்லி, செஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் பலர், 1998இல் திறந்த பன்னாட்டு விமான நிலையத்தில் துப்புரவுக்கும் சரக்குப் பிரிவுக்கும் உணவுக் கூடத்துக்கும் போனார்கள். விமான நிலையம் தூங்காது. ஆகவே ஷிப்டு வேலை: காலை 7 முதல் 3 வரை, 3 முதல் இரவு 11 வரை, 11 முதல் விடியும் வரை. அந்த நேரங்களுக்குப் பேருந்தை நம்ப முடியாது. வேன்தான்.

எங்கள் பக்கத்தில் மூன்று வேன் வைத்து ஆள் ஏற்றும் அங்கிள் ஒருவர் இருக்கிறார். பல வருடமாக எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தார். ‘பி புளோக் சரோ – 5.45’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். பிள்ளைகள் சொல்லிச் சொல்லி, ஒரு நிறுவனம் தயாராக விற்ற செயலியை வாங்கினார். நிறுவனத்தின் பெயர் நமக்கு வேண்டாம். முதல் வாரமே பிரச்சினை. இரவில் அவர் பட்டியலைத் திறந்தால் ஐந்தாறு பேருக்கு நேராக ‘7.30’ என்று இருக்கும். அலுவலகத்துக்குப் போகிறவர்கள் போலும் என்று அவர் விட்டுவிட்டார். அதிகாலையில் வேன் கிளம்பிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே சோற்றுப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தவர்கள் அவரைக் கூப்பிட்டு ஏசினார்கள்.

“அக்கா, உங்க பேருக்கு ஏழரைன்னு இருக்கே!”

“நான் எங்கப்பா ஏழரை வச்சேன்? நான் அதைத் தொடவே இல்லையே!”

உண்மைதான். அவர் தொடவில்லை. தொடாததுதான் ஏழரை ஆகியிருந்தது.

அங்கிள் என்னிடம் வந்தபோது நான் முதலில் கேட்டது, பதியாதவர்கள் எல்லாருக்கும் அதே 7.30தானா என்பது. ஆம் என்றார். அப்படியானால் அது நேரமே இல்லை, பூஜ்யம். கணினித் துறைத் தம்பி தங்கைகளுக்கு இது தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யூனிக்ஸ் மரபில் வந்த கணினிகள் காலத்தை ஒரு நீண்ட எண்ணாக வைத்துக்கொள்கின்றன. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவுதான் பூஜ்யம். அங்கிருந்து எத்தனை விநாடி கழிந்தது என்று எண்ணிக்கொண்டே வருகின்றன. செயலியை எழுதியவர், நேரம் பதியாத இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதாமல் 0 என்று எழுதிவிட்டார். செயலியோ அந்தப் பூஜ்யத்தை ஒரு நேரமாக நினைத்து நம் ஊர் மணியில் காட்டிவிட்டது. அதே பூஜ்யம் சென்னையிலும் கொழும்பிலும் காலை 5.30 என்று காட்டும். லண்டனில் 1.00 என்று காட்டும், ஏனென்றால் அந்தக் குளிர்காலத்தில் பிரிட்டன் கடிகாரத்தைப் பின்னால் தள்ளவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நாம் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அப்படியானால் 8.00 என்றல்லவா காட்ட வேண்டும்? 7.30 எங்கிருந்து வந்தது?

1981 டிசம்பர் 31 இரவு தீபகற்ப மலேசியாவில் 11.30 அடித்ததும் கடிகாரத்தை 12.00க்குத் தள்ளினார்கள். சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே 8 மணி நேரக் கணக்கில் இருந்தன; நாடு முழுவதும் ஒரே மணி வேண்டும் என்று முடிவானது. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அதாவது 1981 டிசம்பர் 31 இரவு மணி 11.45 என்ற ஒன்று நம் தீபகற்பத்தில் நடக்கவே இல்லை! அதற்கு முன் நாம் ஏழரை மணி நேரக்காரர்கள். 1970இல் நம் ஊர் எந்தக் கணக்கில் இருந்தது என்பதைக் கைப்பேசிக்குள் இருக்கும் நேர மண்டலத் தரவு மறக்கவில்லை. அது மறக்காதது அதோடு நிற்கவில்லை. 1905இல் மலாயாவுக்கு 7 மணி நேரம். 1933இல் 7.20. 1941இல் 7.30. ஜப்பானியர் வந்ததும் 1942இல் தோக்கியோ மணி, அதாவது 9. அவர்கள் போனபின் 1945இல் மறுபடி 7.30. இத்தனைக்கும் சூரியன் ஒரு நிமிடம்கூட நகர்ந்ததில்லை. டெங்கிலின் தீர்க்கரேகைக்குக் கணக்குப் போட்டால் நமக்கு உரியது ஏறத்தாழ 6 மணி 47 நிமிடம். இன்று நம் கடிகாரம் சூரியனைவிட ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. உச்சி வெயில் 12 மணிக்கு அல்ல, 1.15ஐ ஒட்டித்தான்.

எங்கள் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அந்த 1982ஆம் ஆண்டு மாற்றத்தைப் பற்றி அவர் சொல்வது ஒன்றே ஒன்று: “மணியை மாத்திட்டாங்க. மரத்துக்கு யார் போய்ச் சொல்றது?” அதில் அறிவியல் இருக்கிறது. விடியும் முன் பால்மரத்துக்குள் நீர் அழுத்தம் அதிகம். வெயில் ஏறி இலை நீரை இழக்கத் தொடங்கினால் அழுத்தம் குறையும். பால் ஓட்டமும் குறையும். அதனால்தான் பெரட்டு இருட்டிலேயே நடந்தது. மரம் சூரியனைப் பார்க்கும், மனிதர் கிராணியின் கடிகாரத்தைப் பார்ப்பார். இடையில் அரை மணி நேரத்தை யாரோ எங்கோ கையெழுத்துப் போட்டு நகர்த்தினார்கள். நாடு முழுமைக்குமான ஒரு முன்னிருப்பு என்று அதைச் சொல்லலாம். இன்று டெங்கிலில் சூரியன் உதிப்பது 7 மணியிலிருந்து 7.30க்குள். வேனுக்காக 5.45க்கு மாடிப்படிக்குக் கீழே நிற்கும் ஒரு பெண், சூரியக் கணக்கில் நாலரை மணி இருட்டில் நிற்கிறாள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஏழரையின் விஷமம் என்னவென்றால், அது பார்க்க நியாயமாக இருக்கிறது. நள்ளிரவு 12.00 என்று காட்டியிருந்தால் அங்கிள் அன்றே சந்தேகப்பட்டிருப்பார். பள்ளிக்கூட நேரம், அலுவலக நேரம் எல்லாம் 7.30ஐ ஒட்டி இருப்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. ‘ஏழரையைக் கூட்டாதே’ என்று நம்மவர்கள் ஏசுவது ஏழரை நாட்டுச் சனியை நினைத்து. அந்தச் சனி ஜாதகக் கட்டத்துக்குள் வருவது பஞ்சாங்கத்தைப் பார்த்தாலாவது தெரியும். இது சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமைப் பதிவைப் பார்த்த ஓர் ஆண்டி மட்டும், “ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலமாச்சே, யார்டா இந்த நேரத்துக்கு வேன் கேட்டது?” என்றாராம். அதுவும் ஒரு முன்னிருப்புதான். நாள்காட்டியில் அச்சிட்ட ராகுகாலம், சூரியன் 6 மணிக்கு உதித்துப் பகல் 12 மணி நேரம் நீள்வதாக வைத்துக்கொண்டு அதை எட்டாகப் பகுத்தது. நம் ஊரில் 7.15க்கு உதிக்கும் சூரியனுக்கு அதே கணக்கைப் போட்டால் திங்கட்கிழமை ராகுகாலம் 8.45ஐ ஒட்டித்தான் தொடங்கும். சொன்னேன். ஆண்டி ஒப்புக்கொள்ளவில்லை!

பூஜ்யத்தைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். இல்லை. நேரத்தைத் தொட்டுப் பதிந்தவர்களிலும் சிலருக்கு வேன் வரவில்லை. இவர்கள் பதிவில் மாலை 5.45 என்று இருந்தது. காரணம் இன்னொரு முன்னிருப்பு. அந்தச் செயலியில் கட்டத்தைத் தொட்டால் ‘இப்போதைய நேரம்’ வந்து நிற்கும். நம் பெண்கள் நாளைய வேனை எப்போது பதிகிறார்கள்? சமைத்து, சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவி, இரவு ஒன்பதரைக்கு. கட்டம் 9.34 மாலை என்று திறக்கும். மணியை 5க்கு நகர்த்துவார்கள், நிமிடத்தை 45க்கு நகர்த்துவார்கள். ஓரத்தில் சின்னதாக இருக்கும் காலை மாலைப் பொத்தான் மட்டும் மாலையிலேயே நிற்கும். மணியை மாற்றினால் அது தானாக மாறாது. இரவில் உட்கார்ந்து அதிகாலையைப் பதிகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்டம் ஒரு குழி வெட்டி வைத்திருந்தது.

இதற்குக் கருவி செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டின் பழைய நேரத் தேர்வி, எந்த மணியில் திறக்க வேண்டும் என்று நம்மைக் கேட்கிறது. பாடப் புத்தகங்களில் உள்ள எடுத்துக்காட்டுகள் இப்போதைய நேரத்தைக் கொடுப்பதால் எல்லாரும் அதையே நகலெடுக்கிறார்கள். ஐபோனின் தேர்வி நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இப்போதைய நேரத்தில் நிற்கும். ஃப்ளட்டரில் தொடக்க நேரம் கொடுக்காவிட்டால் நிரலே ஓடாது. கட்டாயம் ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்கு அது பிடிக்கும். ‘நீ யோசி’ என்று சொல்கிற கருவி அது. ஆனால் அங்கேயும் ‘இப்போது’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு யோசிக்காமல் கடந்துபோக வசதி இருக்கிறது. எழுப்பு மணி வைப்பவருக்கு ‘இப்போது’ எதற்கு? அவர் வேண்டாம் என்று சொல்லப்போகும் ஒரே நேரம் அதுதானே!

அங்கிளுக்காகச் செயலியைப் புதிதாக எழுதினோம். நான், என்னோடு சைபர்ஜெயாவில் வேலை செய்யும் ஒரு தம்பி, இருவர்தான். சனிக்கிழமைகளில். முன்னிருப்பு எது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. தம்பியின் கட்சி: பத்தில் ஒன்பது பேருக்கு 5.45தான் வேண்டும். அதையே வைத்துவிட்டு, தொடாவிட்டாலும் அதுவே பதிவாகட்டும்; வேலை மிச்சம். அவனிடம் ஆதாரமும் இருந்தது. 2003இல் எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டைன் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் உறுப்பு தானத்தைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்த ஜெர்மனியில் சம்மதித்தவர்கள் 12 விழுக்காடு. வேண்டாம் என்றால்தான் சொல்ல வேண்டும் என்றிருந்த பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் கிட்டத்தட்ட எல்லாருமே. மக்கள் முன்னிருப்பை மாற்றுவதில்லை, ஆகவே நல்ல முன்னிருப்பை வை என்பது அவன் வாதம்.

நான் அதே கட்டுரையை மறுபக்கமாகப் படித்தேன். மக்கள் மாற்றுவதில்லை என்றால், அங்கே நிற்கும் நேரம் அவர்கள் சொன்னதா, நாம் சொன்னதா என்று பட்டியலைப் பார்க்கும் அங்கிளுக்கு எப்படித் தெரியும்? ஒன்பது பேருக்கு ஒரு தட்டு மிச்சம். பத்தாவது ஆளுக்கு ஒருநாள் சம்பளம், இருட்டில் அரை மணி நேரம், மேற்பார்வையாளரிடம் ஏச்சு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காகக் கட்டத்தை வெறுமையாக விட்டு, நள்ளிரவிலிருந்து உருட்டிக்கொண்டு வா என்று சொல்வதும் கொடுமைதான். வேலை செய்து களைத்த விரலுக்கு அத்தனை உருட்டல் ஆகாது.

கடைசியில் இரண்டையும் பிரித்துவிட்டோம். கட்டம் திறக்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்பது ஒன்று. பதிவானதாக எதைக் கொள்ள வேண்டும் என்பது வேறு. தேர்வி முதலில் ஷிப்டைக் கேட்கும். 7 மணி ஷிப்டு என்றால் 5.45இல் திறக்கும், காலைப் பக்கத்தில். இந்த 5.45 எங்கள் ஊகம் அல்ல. அங்கிளின் பழைய நோட்டுப் புத்தகத்தை வாங்கி மூன்று மாதக் கணக்கைப் புரட்டி எடுத்தது. ஒரு முறை பதிந்தவருக்கு, அடுத்த முறை அதே ஷிப்டுக்கு அவர் கடைசியாக வைத்த நேரத்தில் திறக்கும். ஆனால் ‘சரி’ தொடும் வரை பதிவில் எதுவும் ஏறாது. பூஜ்யம் அல்ல, நள்ளிரவு அல்ல, ஒன்றுமே இல்லை. அங்கிளின் பட்டியலில் அந்தப் பெயர்கள் ‘நேரம் சொல்லவில்லை’ என்ற தலைப்பில் தனியாக நிற்கும். இரவு பத்து மணிக்கு அவர் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார். நேரத்தையும் 1970இலிருந்து எண்ணிய விநாடியாக வைக்காமல், ‘மணி 5, நிமிடம் 45’ என்று இரண்டு எண்ணாகவே வைத்தோம். வேன் வரும் நேரம் தினமும் திரும்பி வருவது. அதற்கு எதற்கு உலக வரலாறு?

பிறகு வந்தது தமிழ்ப் பிரச்சினை. நம் கழகத்தாருக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ‘சரி’ தொடும் முன், பதிந்த நேரத்தை ஒரு வாக்கியமாகக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். மலாய் மொழி அமைப்பில் கைப்பேசி ‘பிஜி’, ‘பிடிஜி’ என்று பாகி, பெத்தாங்கைச் சுருக்கிக் காட்டும். அதைக் காலை, மாலை என்று அப்படியே மொழிபெயர்த்துப் போட்டிருந்தான் தம்பி. சரக்குப் பிரிவில் ஓவர்டைம் முடித்துத் திரும்புகிறவர்களுக்கு அது என்ன காட்டியது தெரியுமா? ‘காலை 12.30க்கு வேன் வரும்.’ தமிழில் எந்த ஊரில் காலை பன்னிரண்டரை இருக்கிறது? நமக்கு அது இரவு. இரவு 9.34ஐ மாலை என்பதும் அப்படித்தான். அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, இரவு என்று தமிழ் நாளை எப்படிப் பகுக்கிறது என்பது மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் மொழித் தரவுத் தொகுப்பிலேயே இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. 5.45ஐ ‘அதிகாலை’ என்று போடுவதா ‘காலை’ என்று போடுவதா என்று கேட்டோம். ஆண்டிகள் எல்லாரும் ஒரே குரலில் ‘விடிகாலை’ என்றார்கள். போட்டுவிட்டோம்.

அதோடும் தீரவில்லை. ‘சனிக்கிழமை இரவு 12.30’ என்றால் எந்த நாள்? கைப்பேசிக்கு நள்ளிரவில் நாள் மாறிவிடும்; ஆகவே அது வெள்ளிக்கிழமை பின்னிரவு. ஆண்டிகளுக்கோ விடிந்தால்தான் அடுத்த நாள். ஆகவே அது சனிக்கிழமை வேலை முடிந்து வரும் இரவு. ஒரு நாள் முழுக்க வித்தியாசம்! இதற்கு நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ‘விடிந்தால்’ என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் எப்போதோ இருந்தது. ‘சனி இரவு 12.30, விடிந்தால் ஞாயிறு’ என்று வாக்கியத்தை மாற்றினோம். அதற்குப் பிறகு அந்த ஷிப்டிலிருந்து யாரும் கூப்பிட்டு ஏசவில்லை.

நோன்பு மாதத்தில் ஷிப்டு நேரங்கள் சில மாறும். அப்போது ‘கடைசியாக வைத்த நேரம்’ என்ற முன்னிருப்பு தப்பாகிவிடும். அதற்கு இன்னும் ஒரு வழி செய்யவில்லை. பள்ளி விடுமுறையில் சாலை நெரிசல் குறைந்து, 5.45 என்பது 6.00 ஆகலாம் என்று அங்கிள் சொல்கிறார். ஆண்டிகள் அந்தக் கால் மணி நேரத் தூக்கத்தைக் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. தம்பி அதை வரும் சனிக்கிழமைக்கு எழுதி வைத்திருக்கிறான். அங்கிள் நோட்டுப் புத்தகத்தை இன்னும் வேனின் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். செயலியைப் பார்த்து, தினமும் இரவில் அதில் எழுதிக்கொள்கிறார்.